அம்மா கண்ணுல பட்ட கொடி
நேத்து சாயங்காலம் சிங்கப்பூர்ல பொங்கோல் பக்கம் வாக்கிங் போனோம், வேலில படர்ந்திருந்த கொடிய பாத்ததும் அம்மா நின்னுட்டாங்க, "டேய், நம்ம ஊரு சிறுபூனைக்காலிடா இது!"

நம்ம ஊராவது, பேஷன் ஃப்ரூட் குடும்பம், சொந்த ஊர் தென் அமெரிக்கா பக்கம், சொன்னா கேட்டாதானே.

பழத்த சுத்தி பச்சை வலை மாதிரி இருக்கு, தொட்டா பிசுபிசுனு ஒட்டுது, அதுல குட்டி எறும்பு ஒண்ணு மாட்டி செத்துக் கிடந்துச்சு. இலைய கசக்கினா ஒரே நாத்தம்.

பழுத்து மஞ்சளானா உள்ள விதையும் புளிப்பு இனிப்பா கொழகொழனு சதையும் இருக்குமாம், பச்சைக்காய் மட்டும் வேணாம், சயனைடு சமாச்சாரம் இருக்கு. பார்க்ல பறிச்சா ஃபைன்மானு இழுத்துட்டு வந்தேன், எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் அம்மா பேசவே இல்ல.