வலி நின்ற பிறகு

அவர் படுக்க மறுத்தார். கட்டிலின் ஓரத்தில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டு எச்சிலில் நனைந்திருந்தது. கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரே வீக்கம். தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி இருந்தது. நாக்கு மேலெழும்பி அண்ணத்தை முட்டியது. பேச்சு வரவில்லை, மனைவிதான் பேசினார். "பூச்சிப் பல்லும்மா. பத்து நாளா வலி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாரு, நின்னு போச்சு. மூணு நாளா இப்படி வீங்குது."

இந்த "நின்னு போச்சு" என் வயிற்றைப் பிசையும். சொத்தை ஆழமாகி, உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் செத்துவிட்டால் பல்வலி தானாகவே நின்றுவிடும். கிருமிகளோ வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கிய மாத்திரை அங்கே போய்ச் சேர வழியில்லை.

கீழ்த்தாடையின் உட்பக்கம், வாயின் தரையைத் தாங்கும் தசை ஒன்று ஒட்டியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், சீழ் கழுத்துப் பக்கம் இறங்குகிறது. அங்கிருந்து நாக்கின் அடிக்கும் மறுபக்கத்துக்கும் பரவினால், 1836இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய். மூச்சடைத்தே உயிர் போகலாம். மேல் பல்லிலிருந்து பரவினால் கண்ணைச் சுற்றி வீங்கும், அதுவும் அவசரம்தான்.

அவருக்குச் சர்க்கரை 380. மயக்க மருந்து டாக்டர் அவரை உட்கார வைத்து, விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக, மூச்சுவிட ஒரு குழாயை இறக்கினார். முடியாமல் போனால் கழுத்தில் துளையிட, காது மூக்கு தொண்டை டாக்டர் கையுறையோடு பக்கத்திலேயே நின்றார். குழாய் சேர்ந்த பிறகுதான் நான் கத்தியை எடுத்தேன். தாடைக்கடியில் இருபுறமும், மோவாய்க்குக் கீழும் கீறித் திறந்தேன். சீழ் கொஞ்சம்தான், மீதியெல்லாம் நாற்றமடிக்கும் பழுப்பு நீர். அந்த அழுத்தம் இறங்குவதே பாதி வைத்தியம். மீதி நீர் வடிய ரப்பர் டிரெயின் வைத்து, அந்தப் பல்லையும் அப்போதே பிடுங்கினேன். பிறகு பென்சிலின் வகை ஊசி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி, இன்சுலின்.

"வீக்கம் இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானும் ஒரு பெண்ணிடம், "வீக்கம் வடிஞ்சதும் வாங்கம்மா" என்று மாத்திரை எழுதி அனுப்பினேன். இரண்டாம் நாள் இரவு வாய் திறக்க முடியாமல் வந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் கழுத்தில் தழும்பு. அதை நான் மறக்கவில்லை. இன்று வீங்கிய முகத்தோடு யார் வந்தாலும் பல்லைப் பார்க்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: வாய் எவ்வளவு திறக்கிறது, எச்சில் விழுங்க முடிகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா. இவற்றில் ஒன்றில் சிக்கல் இருந்தாலும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

ஒன்பதாம் நாள் அவர் வீடு திரும்பினார். சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வெளிநோயாளிகள் வரிசையில் நின்றார். முகத்தில் வீக்கமே இல்லை. இடப்பக்கக் கடைவாயைத் தொட்டுக் காட்டினார்.

"இது போன வாரம் வலிச்சுதும்மா. நேத்துலேர்ந்து வலியே இல்ல. அதான் ஓடி வந்துட்டேன்."