பெஞ்சில் உட்காரும் வேலை

"அமைதிக் குழுவா? அங்கே போய் என்னடி பண்ணுவீங்க?" என்று அம்மா போனில் கேட்டாள். நான் போகும் குவேக்கர் மீட்டிங்கில் அந்தக் குழுவுக்கு என்னைக் கிளார்க்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். கிளார்க் என்றால் குமாஸ்தாவா என்றும் கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். மூன்று வருடத் தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. அவளுடைய முதல் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல வருகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குவேக்கர்கள் போரை மறுக்கும் ஒரு பழைய கிறிஸ்தவப் பிரிவினர். மீட்டிங் என்றால் அவர்களுடைய சபை. நாங்கள் கூடுவது பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே. போதகர் கிடையாது, பாட்டு கிடையாது, பீடமும் கிடையாது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மரப் பெஞ்சுகளில் மௌனமாக உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லிவிட்டு உட்காருவார். மாதம் ஒரு முறை அதே பெஞ்சுகளில் நிர்வாகக் கூட்டம். கூரை ஒழுகுவதிலிருந்து போர் வரை எல்லாம் அங்கேதான் வரும். ஓட்டெடுப்பு இல்லை. எல்லோரும் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறது என்று கூட்டத்தின் கிளார்க் சொல்வார். அதை அங்கேயே எழுதி வாசிப்பார்கள். சம்மதம் என்றால் அது 'மினிட்'. ஒரே ஒருவர் எழுந்து என் மனம் இதற்கு ஒப்பவில்லை என்றாலும் எல்லோரும் நின்று யோசிப்போம்.

குழுவின் முழுப் பெயர் பீஸ் அண்ட் சோஷியல் கன்சர்ன்ஸ் கமிட்டி. அம்மாவுக்காக 'அமைதி, சமூக அக்கறைக் குழு' என்று மொழிபெயர்த்தேன். அக்கறை என்ற சொல் முழுதாகப் பொருந்தவில்லை. குவேக்கர்கள் கன்சர்ன் என்று சொல்வது, ஒருவரைப் பிடித்துக்கொண்டு இறக்கிவைக்க விடாத பாரத்தை. அதை அவர் குழுவிடம் கொண்டுவருவார். இது உங்கள் ஒருவருக்கு வந்த பாரமா, எங்கள் எல்லோருக்கும் வந்ததா என்று கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழுவின் வேலையில் பாதி இதுதான்.

மீதிப் பாதி தாளும் நாற்காலியும். சட்டம் இயற்றுபவர்களிடம் போய் வாதாடும் குவேக்கர் அமைப்பு ஒன்று வாஷிங்டனில் 1943 முதல் இருக்கிறது, எஃப்சிஎன்எல் என்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒவ்வொரு முறை புதிதாக அமைவதற்கு முன்னாலும், எந்தெந்த விஷயங்களுக்காக நாங்கள் வாதாட வேண்டும் என்று நாடு முழுவதும் மீட்டிங்குகளைக் கேட்டு எழுதுவார்கள். பதிலைத் திரட்டி அனுப்புவது எங்கள் பொறுப்பு. பட்ஜெட், உறுப்பினர்களுக்கான கடிதம், அறை ஒழுங்கு செய்வது, அதெல்லாம் எங்கும் உள்ளதுதான்.

ஒரு வேலையைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இங்கே கட்டாய ராணுவச் சேர்ப்பு 1973இல் நின்றுவிட்டது. ஆனால் 1980இலிருந்து, 18 வயதாகும் ஆண் பிள்ளைகள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். மனசாட்சிப்படி போரை மறுக்கிறேன் என்று குறிக்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. அதனால் பிள்ளைகள் தங்கள் காரணத்தைத் தனியாக எழுதுகிறார்கள். ஏன் என்னால் கொல்ல முடியாது, எப்போது இது எனக்குத் தெரிந்தது, அதற்கேற்ப எப்படி வாழ்கிறேன். தேதி போட்டுக் கையெழுத்து, அவர்களை அறிந்தவர்களின் கடிதங்கள், எல்லாம் ஒரு கோப்பில். ஒரு நகல் மீட்டிங்கின் இரும்புப் பெட்டியில் இருக்கும். என்றாவது ஆள்சேர்ப்பு திரும்பி வந்தால், அன்றைக்கு எழுதியதல்ல இது என்று காட்டுவதற்கு. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் மேசையில் குனிந்து அந்த முதல் வரிக்காக நாற்பது நிமிடம் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடமும் ஒரு பெரியவர் எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இனி வருவது அந்தப் பெரியவரைப் பற்றியது. எண்பதை நெருங்குகிறார். குவேக்கர்களிடம் பட்டம், மரியாதைச் சொல் எதுவும் கிடையாது, எல்லோரும் சமம், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்தக் கொள்கையை நான் மனதார ஏற்கிறேன். ஆனாலும் அவரை வெறும் பெயரால் கூப்பிட எனக்கு இரண்டு வருடம் ஆனது. இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரியவர் என்றே இருக்கட்டும்.

2025 ஜனவரியில் புதிய அரசு பதவியேற்றதும், வழிபாட்டு இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்தி வந்த பழைய கொள்கை ரத்தானது. அதே மாதம் 27ஆம் தேதி, எங்கள் வட்டார மீட்டிங்குகளுக்கெல்லாம் மேலமைப்பான ஃபிலடெல்ஃபியா இயர்லி மீட்டிங்கும் வேறு சில குவேக்கர் அமைப்புகளும் மத்திய அரசின் மீது வழக்குப் போட்டன. எங்கள் குழு கொதித்துப்போயிருந்தது. நான்கே நாளில் ஒரு மினிட் வரைந்தோம். ஒன்றரைப் பக்கம். கண்டிக்கிறோம் என்று மூன்று இடத்தில் வரும். புலம்பெயர்ந்த அண்டை வீட்டாரோடு துணை நிற்கிறோம் என்று முடியும். அந்தக் கடைசி வரி என்னுடையது. நானும் இந்த நாட்டுக்கு விசா வாங்கி வந்தவள்தான்.

பிப்ரவரி கூட்டத்தில் வாசித்தேன். மௌனம். இரண்டு பேர் தங்கள் மனதையே இது பேசுகிறது என்றார்கள். மறுபடி மௌனம். பெரியவர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்னால் இதோடு ஒன்றுபட முடியவில்லை. துணை நிற்கிறோம் என்று எழுதியிருக்கிறது. யார் நிற்கப்போகிறார்கள்? எந்தக் கிழமை?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கிளார்க் கொஞ்ச நேரம் காத்திருந்து, இது இன்னும் பழுக்கவில்லை, குழுவிடமே திரும்பட்டும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1688தான் மனதில் ஓடியது.

அதையும் சொல்ல வேண்டும். 1688இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஜெர்மன்டவுனில், நான்கு பேர் கையெழுத்திட்டு அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். உனக்கு எதைச் செய்யக் கூடாது என்கிறாயோ அதைப் பிறருக்குச் செய்யாதே என்பதுதான் அதன் வாதம். மாதக் கூட்டத்துக்குப் போனது. விஷயம் மிகவும் கனமானது, நாங்கள் இதில் தலையிடுவது உசிதமல்ல என்று மேலே அனுப்பினார்கள். காலாண்டுக் கூட்டமும் மேலே அனுப்பியது. பர்லிங்டனில் கூடிய இயர்லி மீட்டிங், தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்று வைத்துவிட்டது. அடிமைகளை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று ஃபிலடெல்ஃபியா இயர்லி மீட்டிங் முடிவெடுத்தது 1776இல். இடையில் 88 வருடம். அத்தனை வருடமும் கனமானது என்று தள்ளிவைத்தவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 1947இல் பிரிட்டிஷ், அமெரிக்கக் குவேக்கர் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததை நாங்கள் விருந்தாளிகளிடம் சந்தோஷமாகச் சொல்கிறோம். அந்த 88 வருடத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

ஆக, திரும்ப அனுப்பு என்று கிளார்க் சொன்னபோது எனக்கு அந்த மாதக் கூட்டத்தின் குரல்தான் கேட்டது.

இப்படி ஒருவர் தடுக்கும்போது அவரைப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். வாதாட இல்லை, கேட்க. பழைய வழக்கம்தான் இது. 1758இல் ஃபிலடெல்ஃபியா இயர்லி மீட்டிங், அடிமை முறையை எதிர்த்த குவேக்கரான ஜான் வூல்மனையும் வேறு சிலரையும், அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே அனுப்பியது. வூல்மன் அந்த வீடுகளில் தங்கினால், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாராம். சரி, மார்ச்சில் நானும் குழுவில் இன்னொருவரும் பெரியவரின் வீட்டுக்குப் போனோம்.

முதலில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவராகவே 1969க்குப் போனார். வியட்நாம் போர். அவர் மனசாட்சி மறுப்பாளராக விண்ணப்பித்திருந்தார். ஆள்சேர்ப்பு வாரியத்தின் முன் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். அப்போது அவர் வேறொரு ஊரில், வேறொரு மீட்டிங்கில் இருந்தார். அந்த வசந்த காலத்தில் அந்த மீட்டிங் போருக்கு எதிராக அருமையான ஒரு மினிட்டை ஏற்று, பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தது.

"அதன் நகல் என் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே ஐந்து பேர். உன் பாட்டியை ஒருவன் அடிக்க வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். முக்கால் மணி நேரம். வெளியே வந்தேன். நடையில் நீளமாக ஒரு பெஞ்சு இருந்தது. யாருமே இல்லை."

விண்ணப்பத்தை ஏற்றார்கள். இரண்டு வருடம் மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்குவதும் படுக்கை மாற்றுவதுமாக மாற்றுச் சேவை செய்தார். அதைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பெஞ்சைப் பற்றித்தான். கோபமாகச் சொல்லவில்லை. 56 வருடமாக அது அங்கேயே கிடப்பதுபோலச் சொன்னார்.

நான் கொண்டுபோயிருந்த திருத்தப் பிரதியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இதற்கிடையில் பிப்ரவரி 24ஆம் தேதி, மேரிலாந்தில் ஒரு மத்திய நீதிபதி எங்கள் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்திருந்தார். வழக்குப் போட்டவர்களின் வழிபாட்டு இடங்களுக்கு மட்டும் பொருந்தும் தடை. குவேக்கர்களோடு வழக்கில் சேர்ந்துகொண்ட சாக்ரமெண்டோ சீக்கியக் கோயிலும் அதில் அடக்கம். இனி மினிட் எதற்கு என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தடை காப்பது எங்கள் கட்டடத்தை. எங்கள் கட்டடத்துக்குள் கைதாகும் நிலையில் யாரும் இருக்கவில்லை. தேவை இருந்தது வேறு இடத்தில்.

குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கிடைக்காது. வசதி இருந்தால் அமர்த்திக்கொள்ளலாம், இல்லையென்றால் தனியாக நிற்க வேண்டும், குழந்தையாக இருந்தாலும். அது நீதித்துறையின் கிளையும் அல்ல, நீதி அமைச்சகத்தின் ஓர் அலுவலகம். பெரும்பாலான விசாரணைகளில் பொதுமக்கள் உட்காரலாம். இது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏப்ரலும் மேயும் இதைக் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டுக்கும் குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திடும் வாரண்டுக்கும் என்ன வித்தியாசம், இரண்டாவதை வைத்துக்கொண்டு அனுமதியில்லாமல் தனியார் இடத்துக்குள் நுழைய முடியாது என்பதை ஒரு ஞாயிறு மதியம் மாதிரித் தாள்களைக் கையில் கொடுத்தே சொல்லிக்கொடுத்தோம். மே மாதத்தில், நாட்டின் பல நகரங்களில் விசாரணை முடிந்து வெளியே வருபவர்களை நீதிமன்ற நடையிலேயே கைது செய்யத் தொடங்கினார்கள். செய்தியைப் படித்ததும் எனக்குப் பெரியவரின் பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் கூட்டத்துக்குப் போன மினிட்டில் நான்கே வாக்கியம். வழிபாட்டு அறைக்குள் நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் யாரையும் அனுமதிக்க மாட்டோம். கேட்கும் குடும்பத்தோடு செவ்வாயும் வியாழனும் இரண்டு பேர் நீதிமன்றம் போவோம். அந்த இரண்டு பேரின் பெயர் முந்தின ஞாயிறு பலகையில் இருக்கும். ஆறு மாதம் கழித்து, சொன்னதைச் செய்தோமா என்று கூட்டம் கேட்கும். கண்டிக்கிறோம் என்ற சொல் எங்கும் இல்லை. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று பெரியவர் எழுந்து, "சம்மதம். முழங்கால் சரியில்லை, மார்க்கெட் தெரு வரை என்னால் வர முடியாது. போன் செய்ய முடியும்," என்றார்.

அதன்பிறகு பதினொரு முறை போயிருக்கிறேன். நாங்கள் எதுவும் பேசுவதில்லை. பின் வரிசையில் உட்காருவோம், நீதிபதியின் பெயரையும் அடுத்த தேதியையும் குறித்துக்கொள்வோம், லிஃப்ட் வரை கூடவே நடப்போம். ஒரு முறை ஒரு தாய் உள்ளே போகும்போது, தூங்கும் குழந்தையை ஒன்றும் சொல்லாமல் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த முழு விசாரணையிலும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. போன எல்லா நாளும் நல்லபடியாக முடியவில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றி எழுத என்னால் இப்போது முடியாது.

நேற்று அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "வெறுமனே உட்கார்ந்துட்டா வர்றே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா தைரியம்தான்" என்றாள்.

நாளை வியாழன். எட்டரைக்கு விசாரணை. பெரியவர் வழக்கம்போல் இரவு ஏழரைக்குக் கூப்பிட்டார். அடையாள அட்டையை எடுத்து வைத்தாயா, வாசலில் பரிசோதனை வரிசை நீளம், ஏழே முக்காலுக்கே போய்விடு என்றார். அப்புறம் குழந்தை உண்டா என்று கேட்டார். ஆறு வயதுப் பையன் வருகிறான் என்றேன்.

"அப்படியானால் படம் வரையத் தாளும் கொண்டு போ. ரொம்ப நேரம் ஆகும்."