ஃபைப்ராய்டு என்றார்கள், அடினோமையோசிஸ் என்று தெரிந்தது

பீரியட்ஸ் நேரத்தில் ரத்தம் கட்டி கட்டியாகப் போக ஆரம்பித்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 8. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனில் ‘கர்ப்பப்பை பெரிதாகியுள்ளது, ஃபைப்ராய்டாக இருக்கலாம்’ என்று வந்தது. வயது 46 ஆகிவிட்டதே, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு மகளிர் நல மருத்துவரிடம் போனேன்.

அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது வலியைப் பற்றித்தான். வலி உண்டு, அதுவும் இடுப்பைப் பிடுங்குகிற வலி. இடைப்பட்ட நாட்களில் ரத்தம் திட்டுத்திட்டாகப் படுகிறதா என்றார். அதுவும் உண்டு.

பீரியட்ஸ் முடிந்த கையோடு வரச்சொல்லி, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்தார். அந்தச் சமயத்தில் கர்ப்பப்பையின் உட்சவ்வு மெல்லிசாக இருப்பதால் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியுமாம். கூச்சமாக இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். ஃபைப்ராய்டு என்பது தசையில் வளரும் கட்டி. பெரும்பாலும் விளிம்பு தெளிவாக உருண்டையாகத் தெரியும், ரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி ஓடும், தேவைப்பட்டால் அதை மட்டும் தோண்டி எடுக்கலாம். எனக்கோ பின்சுவர் முழுவதும் தடித்திருந்தது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. உட்சவ்வுத் திசு தசைக்குள்ளேயே ஊடுருவி வளர்ந்திருந்தது. அதுதான் அடினோமையோசிஸ். கூடவே உட்குழியில் ஒரு சின்ன பாலிப், அதாவது உட்சவ்விலிருந்து வளரும் சதை. அதற்குள் போகும் ஒற்றை ரத்தக் குழாய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் ஹிஸ்டெரோஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்து, கேமரா வைத்து உள்ளே பார்த்து, பாலிப்பை எடுத்துவிட்டு, உட்சவ்வையும் கொஞ்சம் சுரண்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். 45 வயது தாண்டியபின் ரத்தப்போக்கு தாறுமாறானால் உட்சவ்வு மிகை வளர்ச்சியோ புற்றுநோயோ இல்லை என்று பார்த்தே தீர வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு துளி பட்டால்கூடப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்றார்.

பயாப்ஸிக்குக் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. முதலில் போன இடத்தில் எடுத்த சிஏ-125 (சில புற்றுநோய்களில் ஏறும் ஒரு ரத்தப் பரிசோதனை அளவு) வழக்கமான 35-ஐத் தாண்டியிருந்ததால் தூக்கமே வரவில்லை. அடினோமையோசிஸிலும் அது ஏறும் என்று மருத்துவர் சொன்னபிறகுதான் சோறு இறங்கியது. ரிப்போர்ட் வந்ததும் என் கண் தேடியது ‘அட்டிபியா’ என்ற சொல்லை. செல்கள் இயல்பு மாறியிருந்தால் அப்படி எழுதுவார்கள்; அது இருந்திருந்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது இல்லை.

கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஆரம்ப மாதங்களில் சொட்டுச்சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்து எரிச்சலூட்டியது. இப்போது ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஹீமோகுளோபின் 12. நோய் போய்விடவில்லை. ஆனால் மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்பதால், அதுவரை இப்படியே ஓட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.