பத்து மணி நேரக் கணக்கை நம்பித் தவறவிட்ட விமானம்

டோக்கியோவின் நரிடா விமான நிலையத்தில் மூடிய கவுன்டர் முன்னால் பெட்டியோடு நின்றது இன்னும் நெஞ்சை உறுத்துகிறது. எல்லாவற்றுக்கும் காரணம், விமான தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஓர் இணையதளம். லாஸ் ஏஞ்சலஸுக்கும் நரிடாவுக்கும் இடையே சுமார் 8,750 கிலோமீட்டர், பயண நேரம் 10 மணி என்று அது காட்டியது. ஜனவரியில் நரிடாவிலிருந்து போனபோது பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட்டேன்.

திரும்பும் விமானம் பகல் 12 மணிக்கு. பத்து மணி நேரப் பயணம், குளிர்காலத்தில் டோக்கியோ முன்னால் இருக்கும் 17 மணி நேரம், இரண்டையும் கூட்டினால் மறுநாள் பிற்பகல் 3 மணி. மலிவாகக் கிடைத்ததே என்று நரிடாவிலிருந்து சிங்கப்பூருக்கு மாலை 6.30 விமானத்தில் தனி டிக்கெட் எடுத்தேன்.

முதல் டிக்கெட்டிலேயே வந்துசேரும் நேரம் மாலை 5.15 என்று அச்சாகியிருந்தது. அதைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்புதான் கவனித்தேன். பயணம் பன்னிரண்டேகால் மணி நேரம்! வடபசிபிக்கின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. குளிர்காலத்தில்தான் அதன் வேகம் மிக அதிகம். போகும்போது முதுகில் தள்ளிய அதே காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கிறது. அந்த இணையதளம் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, இரு திசைக்கும் ஒரே விடையைத் தந்திருக்கிறது. டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடங்கும்.

சிங்கப்பூர் டிக்கெட்டை மாற்றித் தரக் கேட்டுத் தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். "இது மாற்ற முடியாத டிக்கெட். உங்கள் முந்தைய விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார் அந்த ஊழியர்.

இருக்கைத் திரையில் தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகம், மணிக்கு 760 கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை. போகும்போது அதே இடத்தில் 1,080 பார்த்திருந்தேன். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே பயணம் கழிந்தது.

விமானம் சரியாக 5.15க்கு வந்துவிட்டது. ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் குடிவரவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஜப்பானுக்குள் நுழைய வேண்டும் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். என்னிடம் பலமுறை நுழையும் விசா இருந்ததால் அந்த ஒரு கண்டத்திலிருந்து தப்பினேன். அடுத்த முனையத்துக்கு ஓடிச் சேர்ந்தபோது மணி 6.10. கவுன்டரை 5.30க்கே மூடிவிட்டார்கள். அங்கிருந்த பெண் பலகையை மட்டும் சுட்டிக் காட்டினார்.

இரவை நாற்காலியில் கழித்து, மறுநாள் காலை இரண்டு மடங்கு விலையில் வேறு டிக்கெட் வாங்கினேன். பயன்படுத்தாத டிக்கெட்டில் விமான நிலையக் கட்டணமும் வரியும் திரும்பக் கிடைக்கக்கூடும் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். நாமாகக் கேட்காவிட்டால் யாரும் தருவதில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். ஐந்து வாரம் கழித்து அந்தத் தொகை என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.