தெண்டி ஓடும்போது அள்ளுங்கள்: சென்னையில் உப்புநீர் மீன்தொட்டிக்குக் கடல்நீர்

திறந்த கடலின் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கும். அந்த அடர்த்தியில் லிட்டருக்கு ஏறக்குறைய 410 மில்லிகிராம் கால்சியம், 1280 மில்லிகிராம் மெக்னீசியம், 390 மில்லிகிராம் பொட்டாசியம், 6.5 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு) அளவில் காரத்தன்மை. கடல்மீன் தொட்டிக்கென்று வாளியில் விற்கும் உப்பு நகலெடுக்கப் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான். சென்னையில் இருப்பவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் அலையடிக்கிறது. இருந்தும் கடல்நீர் ஊற்றித் தொட்டியே போய்விட்டது என்று வருந்துபவர்கள் பலர். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மாதத்தில் அள்ளினீர்கள் என்பது.

நம் கரையோரத்து நீரோட்டம் ஆண்டு முழுக்க ஒரே பக்கம் ஓடுவதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சென்னைக் கரை மீனவர்கள் சொல்வார்கள். பிப்ரவரி முதல் மே வரை தெண்டி பலமாக இருக்கும். அப்போது கூவம், அடையாறு முகத்துவாரங்களில் இருந்து இறங்கும் சாக்கடை வடக்கே போய்விடும். நகரத்துக்குத் தெற்கே, கோவளம் தாண்டிய கடல் தெளிந்திருக்கும். அக்டோபரில் வன்னி திரும்பிவிட்டால் கதையே வேறு. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா கொண்டுவந்து கொட்டிய நன்னீர் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும், அதோடு நம் வடகிழக்குப் பருவமழையும் சேரும். நவம்பர், டிசம்பரில் உப்பு 30க்கும் கீழே போய்விடும். 28க்கு இறங்கிய நீரில் கால்சியம் 330, மெக்னீசியம் 1030 அளவில்தான் மிஞ்சும். நகரத்து அழுக்கும் அதே ஓட்டத்தில் தெற்கே வரும். ஆகவே அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல் பக்கம் கேனோடு போகாதீர்கள். அந்த நான்கு மாதத்துக்கு வேண்டியதைச் செப்டம்பருக்குள் சேமித்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த மாதங்களுக்கு மட்டும் உப்பு வாங்கிக் கரையுங்கள்.

கோடையிலும் கண்ணை மூடிக்கொண்டு அள்ள முடியாது. மார்ச், ஏப்ரலில் காற்றில்லாத நாட்களில் மரத்தூள் தூவியதுபோல் பழுப்பு நிறப் பட்டைகள் மிதக்கும். அது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி. அது அழுகும்போது நீரில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஏறும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பலர் படமெடுத்தார்கள், அது நாக்டிலுக்கா. மிதப்பதற்காக அம்மோனியத்தைத் தன் உடலுக்குள்ளேயே தேக்கி வைத்திருக்கும் உயிர் அது. செத்தால் அத்தனையும் நீரில் கரையும். கடல் ஒளிர்ந்தால் அடுத்த இரண்டு வாரம் அந்தப் பக்கம் வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை எண்ணூரை முழுமையாக விட்டுவிடுங்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் அங்கே எண்ணெய் பரவியது. மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அயல்நாட்டு மட்டி அந்தக் கழிமுகத்தை மூடிக் கிடக்கிறது. அதன் குஞ்சுகள் நீரோடு வந்து உங்கள் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். காசிமேடு போன்ற துறைமுகங்களின் அருகிலும் வேண்டாம். படகின் அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் பூசும் பெயின்ட்டில் செம்பு இருக்கும். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. முட்டுக்காட்டுக் கழிமுகம் திறந்திருக்கும்போது அதை ஒட்டியும் அள்ளக்கூடாது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் உவர்க்கழிவு கடலுக்குள் விடப்படுகிறது, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள்.

கரையில் நின்று வாளியால் அள்ளுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலை உடையும் இடத்தில் மணலும் சேறும் கலங்கியே இருக்கும். ஃபைபர் படகுக்காரர் ஒருவரிடம் பேசி, இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, பத்து மீட்டர் ஆழமாவது இருக்கும் இடத்துக்குப் போவதே சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், இழுவலை அடிமண்ணைக் கிளறாது. அந்த நாட்களில் நீர் இன்னும் தெளிவு. மதியத்தில் கடற்காற்று எழும் முன், விடியற்காலையில் போய்த் திரும்பிவிடுங்கள். உயிர்காப்பு அங்கி போடாமல் ஏறாதீர்கள். படகு கிடைக்கவே இல்லையென்றால் பாறையோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கற்சுவர்) உள்ள இடத்தில், ஓதம் ஏறி முடியும் நேரத்தில் அள்ளலாம். ஓதம் வற்றும்போது கரையின் அழுக்கெல்லாம் உங்களை நோக்கித்தான் வரும்.

12 வோல்ட் பிளாஸ்டிக் பம்ப் ஒன்றும், ஐந்து மீட்டர் உணவுத்தரக் குழாயும் போதும். பித்தளை இணைப்பு எதுவும் இருக்கக்கூடாது. குழாயின் வாய் மேல்பரப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் கீழே இறங்க வேண்டும். எண்ணெய்ப் படலமும் தூசும் மேலேதான் மிதக்கும். படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் போடாதீர்கள், புகையோடு எண்ணெயும் நீரில் இறங்கும். முதல் ஒரு நிமிட நீரைக் கடலிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு கேனையும் ஒருமுறை கடல்நீரால் அலசிவிட்டு நிரப்புங்கள். குடிநீர் வந்த 20 லிட்டர் கேன் நல்லது. பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில், பினாயில் வந்த கேன் எத்தனை முறை கழுவினாலும் உதவாது. 20 லிட்டர் கடல்நீர் இருபதரை கிலோ. பத்துக் கேன் ஏற்றினால் இருநூறு கிலோவைத் தாண்டும், காரின் பின்பக்கம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இறுக மூடிய கேனுக்குள், நம் ஊர் வெயிலில், அவை சாகும். அவற்றைத் தின்னும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை முடித்துவிடும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அம்மோனியாவும் ஏறியிருக்கும். எனவே அள்ளிய சில மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். இடைப்பட்ட நாட்கள்தான் ஆபத்து. நன்றாக நிலைபெற்ற, வடிகட்டி உண்ணும் உயிர்கள் நிறைந்த தொட்டிக்கு மட்டுமே உடனடி நீர் பொருந்தும். மற்றவர்கள் சேமித்து ஆறவிடுவதே பாதுகாப்பு.

அதற்கு 200 லிட்டர் நீல நிற டிரம் வாங்குங்கள், முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு. நீரை ஊற்றி ஒரு நாள் அசையாமல் விட்டால் மண் அடியில் படியும். கடைசி ஐந்து சென்டிமீட்டரை விட்டுவிட்டுக் குழாய் வைத்து உறிஞ்சி, 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் வழியாக இன்னொரு டிரம்முக்கு மாற்றுங்கள். ஆர்ஓ பழுது பார்க்கும் கடைகளில் கிடைக்கும் அதே வெள்ளைக் கட்டைதான். மடித்த துணி சருகையும் பூச்சியையும் நிறுத்தும், அவ்வளவே. பிறகு வெளிச்சம் படாத இடத்தில் மூடியைத் தளர்வாக வைத்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றை விடாமல் ஓடவிடுங்கள். முதல் வாரம் அம்மோனியா ஏறி, பிறகு இறங்கும். உப்புநீருக்கான அம்மோனியா கிட்டில் சுழியம் காட்டிய பிறகே அந்த நீர் தொட்டிக்குத் தயார்.

காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு இறால் குஞ்சுப் பண்ணைகளின் வழி உண்டு: குளோரின். வாசனையோ சோப்போ கலக்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், 100 லிட்டருக்கு 20 மில்லி. அது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரின் தரும். காற்றோட்டத்தோடு 24 மணி நேரம் விட்டுவிட்டு, மிச்ச குளோரினை அளந்து, ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம் வீதம் சோடியம் தயோசல்பேட் போட்டு முறியுங்கள். குளோரின் அளக்கும் நீச்சல்குளக் கிட்டில் மஞ்சள் நிறம் துளியும் தெரியக்கூடாது. கடல்நீரில் உள்ள புரோமைடு குளோரினோடு சேர்ந்து புரோமினாக மாறும். மூக்கை நம்பாமல் கிட்டை நம்புங்கள்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் சுழியம் வைத்தால் 35 பக்கத்தில் பிழை காட்டக்கூடும். 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரையுங்கள். அந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 கடல்நீருக்குச் சமம். அதில் ஒரு துளி வைத்து உள்ளே தெரியும் கோட்டை 35இல் நிறுத்துங்கள். சேமித்த நீர் 32 காட்டினால் 100 லிட்டருக்கு 300 கிராம் மீன்தொட்டி உப்பில் தொடங்கி, கரைந்தபின் அளந்து அளந்து சேருங்கள். அந்த உப்பில் ஈரம் இருப்பதால் சற்று கூடுதலாகவே பிடிக்கும். தொட்டி நீரில் சமையல் உப்பு போட்டால் கோடு ஏறும், கால்சியமும் மெக்னீசியமும் ஏறாது. 36 காட்டினால் 100 லிட்டருக்கு மூன்று லிட்டர் ஆர்ஓ நீர். காரத்தன்மையை 6.5இலிருந்து 8க்கு உயர்த்த 100 லிட்டருக்கு 4.5 கிராம் ஆப்பசோடா போதும், பேக்கிங் பவுடர் கூடாது.

மாற்றும் நாளில் தொட்டி நீருக்கும் புது நீருக்கும் உப்பில் 1, வெப்பத்தில் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 20 லிட்டர் போதும். மாற்றிய சில நாளில் கண்ணாடியில் பழுப்புப் படிவம் வந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. நீரில் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் இருந்ததற்கான அடையாளம். ஃபில்டர் கட்டையை மாற்றி, அடுத்த முறை இன்னும் உள்ளே போய் அள்ளுங்கள்.

நீரோடு பாறையையோ பவளத்துண்டையோ எடுத்து வராதீர்கள். பவளமும் கடல்குதிரையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரைக் கடலில் கொட்டவும் வேண்டாம். வேறு கடல்களிலிருந்து வந்த மீன்களின் ஒட்டுண்ணியும் பாசியும் அதோடு போகும், காக்கா ஆழி செய்ததை வேறொன்றும் செய்யலாம். குளியலறைச் சாக்கடையில் விடுங்கள். செடிப்பாத்தியில் ஊற்றினால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.