அனாமத்துக் கணக்கு

ஜூலை 14, 2024, ஞாயிறு

சின்னவன் கோயம்புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். எப்போதும் கொண்டுவரும் மைசூர்பாகுக்குப் பதிலாகக் கையில் ஒரு கோப்பு. பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

உறையூர் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். பின்கட்டுச் சுவர் ஓதம் ஏறிப் பொரிந்துவிட்டது, அம்மாவுக்கு 81 வயது, மாடிப்படி ஆகவில்லை. எல்லாம் சரிதான். அப்பா 2011-ல் உயில் எழுதாமல் போனார். பதிவுக்கு நான்கு கையெழுத்து வேண்டும்: அம்மா, நான், தம்பி, சின்னவன். கிடைப்பது மூன்று.

தம்பி 1999 ஜூன் மாதத்தில் ஒரு காலை, எவர்சில்வர் தூக்கில் அரிசியோடு மாவு மில்லுக்குப் போனான். தூக்கை வரிசையில் வைத்தான். மில்காரரிடம் “இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். 23 வயது. மாலையில் தூக்கு மட்டும் வீடு திரும்பியது, ஆறிப்போன மாவோடு. முந்தின இரவு அவனுக்கும் அப்பாவுக்கும் வாய்ச்சண்டை. எந்த வீட்டில் இல்லை?

வக்கீல் சொன்னதாகச் சின்னவன் சொன்னது: ஒருவரைப் பற்றித் தகவல் கிடைத்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் வருடத்து சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்தது, இந்த மாதம் முதல் தேதியிலிருந்து பாரதிய சாட்சிய சட்டத்தில் 111 ஆகிவிட்டதாம். எண் மாறினாலும் ஏழு ஆண்டு மாறவில்லை. எங்களுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது.

அம்மா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அருவாமணைச் சத்தம் நின்றிருந்ததை நான் கவனித்தேன். சின்னவன் கவனிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பழைய புகாரின் நகல் வாங்கக் காவல் நிலையம் போனேன். மூன்றாவது அலமாரியில் கிடைத்துவிட்டது, ஆச்சரியம்தான். “நீலக் கோடு போட்ட சட்டை, இடது புருவத்தில் தழும்பு.” நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதியது. ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று சான்று தர மனு எழுதச் சொன்னார்கள். இப்போதைய வயது என்ன என்று அந்த இளைஞர் கேட்டார். விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. 48. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவனுக்கு நரை வைத்துப் பார்த்ததில்லை நான்.

ஜூலை 23, செவ்வாய்

பத்து நாளாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்தேன். அவர் முக்கால் மணி நேரம் கேட்டார். கடைசியில், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார்.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற குடும்ப உளவியலாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசிக் கண்ட விஷயம். உடல் கிடைக்கவில்லை, சாவு உறுதியில்லை, ஆனால் ஆள் இல்லை. துக்கம் தொடங்குவதற்கே இடம் கிடைக்காமல் உறைந்து நிற்கிறது. 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு, உடல் கிடைக்காத தொழிலாளர்களின் குடும்பங்களோடும் அவர் வேலை செய்திருக்கிறார். இதற்கு மறுபக்கமும் உண்டாம்: ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார், மறதி நோயில் மனம் போயிருக்கும். அதுவும் இதே இனம்.

‘தெளிவற்ற இழப்பு’ என்று டாக்டர் தமிழில் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. கருவூலத்தில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பார்த்தவள் நான். எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாமல் பணம் வந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு: அனாமத்து. வரவா, திருப்பித் தர வேண்டியதா என்று தெரியும்வரை அதில்தான் கிடக்கும். மார்ச் 31 அன்று தீராவிட்டால் அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்வோம். தம்பியை இருபத்தைந்து முறை எடுத்துச் சென்றிருக்கிறோம்.

டாக்டர் சொன்ன இன்னொன்றைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கோளாறு உங்களிடம் இல்லை, உங்களுக்கு நேர்ந்த நிலைமையில் இருக்கிறது என்றார். தலையில் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. ‘பழசையே பிடித்துக்கொண்டு தொங்குகிற குடும்பம்’ என்று சொந்தங்கள் சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பிவிட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. போன மாதக் கடைசியில் மேட்டூர் நிரம்பியதில் காவிரி இரு கரையும் தொட்டுச் செந்நிறமாக ஓடுகிறது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம். சின்னவன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்திருந்தான். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, “அண்ணனுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடட்டுமா?” என்றான்.

அம்மா எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “உயிரோடு இருப்பவன் பேருக்கு எள் இறைத்தால், அது யார் மேல் விழும் தெரியுமா?”

அவன் பதில் பேசவில்லை. படித்துறையில் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறான். போனவர் பற்றிப் பன்னிரண்டு வருடம் சேதி இல்லையென்றால், தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்து, அதன்பின் காரியம் செய்கிற முறை சாஸ்திரத்தில் உண்டு என்றாராம் அவர். ஆக, இந்தக் கேள்வியோடு படித்துறைக்கு வந்த முதல் குடும்பம் நாங்கள் இல்லை. எத்தனை பேர் படகேறியும் யாத்திரை போயும் திரும்பாமல் இருந்தால், ஒரு சமூகம் புல்லில் பிள்ளை செய்து எரிக்கக் கற்றிருக்கும்!

சட்டம் கேட்பது ஏழு, சாஸ்திரம் கேட்பது பன்னிரண்டு. சட்டத்தில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. இறந்துவிட்டார் என்று அது அனுமானிக்கும், என்றைக்கு இறந்தார் என்று அனுமானிக்காது. ஒரு காப்பீட்டு வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியிருக்கிறது. திதிக்கு வேண்டியதோ அந்த ஒரு நாள்தான்.

மத்தியானம் அம்மா காக்கைக்குச் சோறு வைத்தாள். அப்பாவுக்கு ஒரு கவளம். அது எடுத்த பிறகு, மதிலின் அந்த ஓரத்தில் இன்னொரு கவளம். யாருக்கு என்று கேட்டேன். “யாராவது வழிப்போக்கனுக்கு” என்றாள். மதில்மேல் எந்த வழிப்போக்கன் சாப்பிடுவான்? நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒன்றுவிட்ட அத்தை மகள் தொலைபேசியில் ஒரு மணி நேரம். எங்கோ படித்தாளாம்: துக்கத்துக்கு ஐந்து படி, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடிய வேண்டும். “உங்கள் அம்மா முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.” அம்மாவை ஏதோ ஒன்றாம் வகுப்பில் தேறாத பிள்ளை போல் பேசினாள்.

எனக்குக் கோபம் வந்தது, தேடிப் படித்தேன். எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அந்த ஐந்தையும் எழுதியது, சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. பின்னால் வந்தவர்கள் அதை எல்லாத் துக்கத்தின் மேலும் போர்த்திவிட்டார்கள். போனவரோடு உள்ள பிணைப்பை மனம் அறுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஃபிராய்ட் 1917-ல் எழுதியதன் சாரம். 1996-ல் வேறு சில ஆய்வாளர்கள், இல்லை, பெரும்பாலோர் அறுப்பதில்லை, உறவை வேறு உருவத்தில் வைத்துக்கொண்டு நன்றாகவே வாழ்கிறார்கள் என்று காட்டினார்கள். வருடா வருடம் திவசம் கொடுக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல 1996 வரவேண்டுமா என்ன.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான உலக நாள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார்களின் படம் பேப்பரில். மடியில் பிள்ளைகளின் புகைப்படம். என் தம்பியை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, அவனாகப் போனான். அவர்களுடையதும் எங்களுடையதும் ஒன்றல்ல, ஒப்பிடுவது பாவம். ஆனாலும் அந்தப் படத்தை மடித்து வைத்தேன்.

இலங்கையில் 2016-ல் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ‘ஆள் இல்லை’ என்று மட்டும் சொல்கிற ஒரு சான்றிதழ் வாங்க வழி செய்தார்கள். அங்குள்ள தாய்மார் கேட்பது காகிதத்தை அல்ல, பதிலை. அது நியாயம். எங்கள் வீட்டுக்கோ அப்படி ஒரு காகிதம் போதும். கருவூலத்தில் நான் இதற்கு நேர்மாறாக வேலை பார்த்தேன்: வருடத்துக்கு ஒரு முறை ஓய்வூதியர்கள் நேரில் வந்து உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். எதிரே மூச்சு வாங்க நிற்கிற கிழவரிடம் ‘உயிர்வாழ் சான்று எங்கே?’ என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 12, வியாழன்

எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

2003-ல் அடையாளம் தெரியாத உடல் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பாவால் முடியவில்லை, நான் போனேன். மருத்துவமனைப் பின்பக்கம், வேப்ப மரம், ஈரச் சாக்கு வாடை. ஊழியர் துணியை விலக்கும் முன் என் முகத்தைப் பார்த்து, “மெதுவாம்மா” என்றார். அந்த மனிதனுக்கு இடது புருவத்தில் தழும்பு இல்லை. வேறு யார் பெற்ற பிள்ளையோ.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது எனக்குள் எழுந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். அவனாக இருந்திருந்தால் இன்றோடு முடிந்திருக்குமே என்ற ஏமாற்றம். வீட்டில் “அவன் இல்லை” என்று சொன்னேன். அம்மா சாமி அறையில் விழுந்து கும்பிட்டாள். இருபத்தொரு வருடமாக அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம்.

இன்று டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். வரவேண்டும் என்ற ஆசையும் முடிந்துவிட வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனத்தில் இருப்பது இந்த இழப்பின் இயல்பு, காத்திருக்கிற எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதை ஒளித்து வைத்திருப்பார் என்றார். ஒளித்ததுதான் உங்களை இரண்டு மணிக்கு எழுப்புகிறது என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஐந்தரை வரை தூங்கினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

டாக்டர் யோசனைப்படி மூவரும் உட்கார்ந்தோம். ஒரே விதி: தம்பி எங்கே என்று அவரவர் நினைப்பதைச் சொல்லலாம், மற்றவர் திருத்தக் கூடாது. குடும்பம் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டியதில்லை என்பது பாலின் பாஸ் வலியுறுத்தும் விஷயமாம். ‘ஒன்று இது, இல்லை அது’ என்பதை விட்டு ‘இதுவும் அதுவும்’ என்று நினைக்கப் பழகுவது.

சின்னவன்: “செத்துவிட்டான். அந்த வருடமே. இல்லையென்றால் அப்பா சாவுக்காவது வந்திருப்பான்.” சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் போனபோது அவனுக்குப் பதினைந்து வயது, அவனைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான்: “தெரியவில்லை.” பிறகு பிணவறைக் கதையையும் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அன்றைக்கு நீ வந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும்” என்றாள். அவ்வளவுதான்.

அம்மாவின் முறை. “இருக்கிறான். கல்யாணம் செய்துகொண்டிருப்பான். பெண் குழந்தை. அப்பாவைப் போலவே கோபம் வரும்.” பிறகு தொலைபேசியைக் காட்டினாள். அலைபேசிகள் வந்த பிறகும் அந்தத் தரைவழி இணைப்பை எடுக்க அவள் விட்டதில்லை. ஆறு இலக்கமாக இருந்த எண்ணுக்கு முன்னால் ஒரு வருடம் 2 சேர்த்தார்கள். “அந்த இரண்டைச் சேர்க்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?” என்றாள். அதுதான் அவளுடைய கணக்கு. இருபது வருடத்துக்கு மேலாக அவன் அழைத்துக்கொண்டே இருக்கிறான், எண்தான் கிடைக்கவில்லை.

யாரும் திருத்தவில்லை.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. சின்னவன் தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு வந்தான். அப்பா வழி, அம்மா வழி எல்லோருக்கும் இறைத்தானாம். அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மதிலில் இன்றும் இரண்டு கவளம்.

சாப்பிட்ட பிறகு வக்கீல் கொடுத்தனுப்பிய காகிதங்களை எடுத்தான். வக்காலத்து, வழக்கு மனு. மணமாகாமல் இறந்தவன் என்று தீர்ப்பானால் அவன் பங்கு அம்மாவுக்குத்தான், 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வாரிசுகளில் ஒருத்தி. பிள்ளையின் சொத்துக்கு வாரிசு என்ற சொல்லை உரக்கப் படிக்க எனக்கு நா எழவில்லை. அம்மா முழுவதையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். “...இறந்துவிட்டதாகக் கருதப்படும்...” என்ற இடத்தில் கை நீட்டி நிறுத்தினாள்.

“யார் கருதுகிறார்கள்?”

“கோர்ட் கருதும், அம்மா.”

“நான் கருத வேண்டுமா?”

“வேண்டாம்.”

“அப்படியானால் அவர்கள் கருதிக்கொள்ளட்டும்” என்று பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக முழுப் பெயரையும் எழுதினாள். கடைசிப் பக்கம் முடிந்ததும், புது வீடு எந்தத் தெருவில் என்று சின்னவனைக் கேட்டாள். இந்த எண்ணையே அங்கேயும் மாற்றித் தருவார்களா என்று நாளைக்கே தொலைபேசி ஆபீசில் விசாரிக்கச் சொன்னாள்.