12 அவுன்ஸிலிருந்து 16-க்கு

குத்துச்சண்டைப் பயிற்சியில் ஸ்பாரிங் (எதிரில் ஒருவரோடு மோதிப் பழகுவது) ஆரம்பிக்கலாம் என்று சொன்ன கையோடு, "16 அவுன்ஸ் வாங்கிட்டு வாங்க, 12-ஐப் போட்டுக்கிட்டு ரிங்ல ஏறக்கூடாது" என்றும் சொல்லிவிட்டார் மாஸ்டர். அதுவரை பேக் (தொங்கவிட்ட குத்துமூட்டை), பேட் (எதிரில் நிற்பவர் கையில் பிடிக்கும் மெத்தை) எல்லாவற்றுக்கும் ஒரே 12 அவுன்ஸ் கிளவுஸ் ஜோடியைத்தான் வைத்திருந்தேன். என் எடை 72 கிலோ.

அவுன்ஸ் கணக்கு ஜோடிக்கு இல்லை, ஒரு கிளவுஸுக்கு. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அப்படிப் பார்த்தால் 12 என்பது சுமார் 340 கிராம், 16 என்பது 454. கடையில் தூக்கிப் பார்க்கும்போது இந்த நூற்றுச் சொச்சம் கிராம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மூன்றாவது ரவுண்டில் தெரிந்தது. ஜாப் (நேராக விடும் வேகமான குத்து) போட்ட இடது கை கன்னத்துக்குத் திரும்பாமல் மார்புக்கு நேராக நின்றுவிடும். அந்த இடைவெளியில் எதிராளியின் வலது கை சொல்லிவைத்தாற்போல் வந்து சேரும். வலி கையில் இல்லை, தோள்பட்டையின் முன்பக்கத்தில்.

தொழில்முறைப் போட்டிகளில் வெல்டர்வெயிட் வரை, அதாவது 66.7 கிலோ வரை, பொதுவாக 8 அவுன்ஸ். அதற்கு மேல் 10. அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கும் 10 வாங்க வருகிறவர்கள் உண்டு. போட்டிக்காரருக்குத் தன் அடி எதிராளி மேல் பலமாக விழ வேண்டும். நமக்கோ, கூடப் பயிற்சி செய்கிறவர் மறுநாள் முகம் வீங்காமல் ஆபீஸ் போக வேண்டும். 16-இல் கூடுதலாக இருக்கும் ஃபோம் முக்கால்வாசி அவருக்காகத்தான். அதற்காக முழு பலத்தோடு அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. வெட்டுக்காயம் குறையும், தலை குலுங்குவது நிற்காது.

தோளுக்கு உதவியது, வார்ம்அப்பில் ஷேடோ பாக்ஸிங்கையும் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) 16-ஐப் போட்டுக்கொண்டே செய்தது. மெதுவாக, ஒவ்வொரு குத்துக்கும் கை திரும்பி வந்து கன்னத்தைத் தொட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. இப்போது மூன்று ரவுண்டு வரை கார்டு, அதாவது முகத்தைக் காக்கும் கைகள், இறங்குவதில்லை. இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) மட்டும் இன்னும் சோம்பலாகத்தான் கிளம்புகிறது.

பேக்குக்கு அதே பழைய 12 தான். பேக்கில் அடித்து அடித்து விரல் முட்டிக்கு மேலே இருக்கும் ஃபோம் அமுங்கிப்போகும். ஜிம்மில் பொதுவில் கிடக்கும் 16 அவுன்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே இருக்கும் முட்டி அப்படியே தட்டுப்பட்டது. எடை 16 தான், மெத்தைதான் இல்லை. ஸ்பாரிங் ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது கையில் ராப் சுற்றிக்கொண்டு போட்டுப் பார்ப்பது அவசியம். நாலரை மீட்டர் துணி சுற்றிய கைக்கும் வெறும் கைக்கும் ஒரே கிளவுஸ் வேறு வேறு மாதிரி உட்காரும். சில 16-களில் கை நுழையும் இடமே பெரிது. சின்னக் கைக்காரர்களுக்கு உள்ளே ஆடும், மணிக்கட்டு மடங்கும். நான் போட்டுப் பார்த்த இன்னொரு ஜோடியில் கனமெல்லாம் மணிக்கட்டுப் பக்கம். கைக்கு லேசாக இருந்தாலும் முட்டிக்கு மேல் ஃபோம் மெலிசு. அதைத் திரும்ப வைத்துவிட்டேன். வாங்கியதை வீட்டில் சமையலறைத் தராசில் வைத்தேன்: ஒன்று 448 கிராம், மற்றது 461. இந்த அளவு வித்தியாசம் எனக்குக் கையில் தெரியவில்லை.

இரண்டு ஜோடிக்குப் பதிலாக 14 ஒன்று போதாதா என்று ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். ஐம்பத்தெட்டு கிலோ இருப்பான். அவனுக்குப் போதும், மாஸ்டரும் சரி என்றார். என்னைப் போல 70-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.